மலையில் கிடக்கும் கல் எப்போது ரத்தினமாகிறது? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் நிலவியல் படித்தவன் ஒருவன் குடியிருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும், அவன் வீட்டுத் திண்ணைக்குக் கல் வந்துகொண்டே இருக்கும். தோட்டத்தில் கிடைத்தது, ஓடையில் பொறுக்கியது, பாட்டி விட்டுப்போனது, ஜோசியர் வாங்கச் சொன்னது என்று எல்லாம் வரும். கல் வேறு வேறு என்றாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

தோட்டத்துக்குப் பாதை வெட்டியபோது உடைந்த பாறையில் மாதுளை முத்துபோலச் சிவப்பு மணிகள் பதிந்திருக்கின்றன. மாணிக்கமா?

இல்லை. அது கார்னெட். நீலகிரியின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. கல்லுடைப்பவர்கள் கருங்கல் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் பூசியதுபோல ஒரு கரும்பச்சைப் பளபளப்புத் தெரியும். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் உருமாறிய பாறை இது. அந்த உலையில் இரும்பும் மக்னீசியமும் அலுமினியமும் சிலிகாவோடு கூடிப் படிகமானவைதான் உங்கள் சிவப்பு மணிகள்.

மாணிக்கம் வேறு சாதி. அது குருந்தம், அதாவது அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த கனிமம். அதில் துளி குரோமியம் கலந்தால் சிவக்கிறது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஓர் அடையாளம் உண்டு. சிவப்பு மணியை ஒட்டியே, அதைத் தொட்டுக்கொண்டு, வெள்ளையாகவோ புகைநிறமாகவோ கண்ணாடிபோன்ற குவார்ட்ஸ், அதாவது படிகமான சிலிகா, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது குருந்தமாக இருக்க வாய்ப்பில்லை. அலுமினியம் அதிகமாகவும் சிலிகா குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் குருந்தம் பிறக்கும். பக்கத்தில் சிலிகா மிச்சமிருந்தால் இரண்டும் சேர்ந்து வேறொரு கனிமமாகிவிடும். நீலகிரிப் பாறையில் சிலிகாவுக்குப் பஞ்சமே இல்லை.

கார்னெட்டும் ரத்தினம்தானே? நவரத்தினத்தில் வரும் கோமேதகமே கார்னெட் வகை என்கிறார்களே. பிறகு ஏன் எங்கள் கல்லுக்கு விலை இல்லை?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மற்றப் பதில்களெல்லாம் இதற்குள் அடங்கும்.

கோமேதகம் கார்னெட்தான், கால்சியம் சேர்ந்த வகை. ஆப்பிரிக்காவில் கென்யா, தான்சானியா எல்லைப் பகுதியில் கிடைக்கும் பச்சை நிறக் கார்னெட், நல்ல மரகதத்தோடு போட்டிபோடும் விலைக்குப் போகிறது. அதே குடும்பத்துக் கனிமம் தூத்துக்குடி, கன்னியாகுமரி கடற்கரைகளில் செந்நிற மணலாகக் குவிகிறது. மலைப் பாறைகள் தேய்ந்து, ஆறுகள் சுமந்துபோய், கடல் அலசிப் பிரித்த மணல் அது. கார்னெட் மணல் விலைபோவது டன் கணக்கில். உப்புக்காகிதம் செய்யவும், துருப்பிடித்த இரும்பைத் தேய்க்கவும், உயர் அழுத்த நீரோடு பீய்ச்சி எஃகுத் தகட்டை அறுக்கவும் அது பயன்படுகிறது. ஆக, ஒரே குடும்பத்தில் ஒருவர் காரட் கணக்கில், இன்னொருவர் டன் கணக்கில்! ஒரு காரட் என்பது 0.2 கிராம்.

கனிமத்தின் பெயர் விலையைத் தீர்மானிப்பதில்லை; கையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட துண்டு எப்படிப் பிழைத்து வந்திருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. உங்கள் பாறையைத் தண்ணீரில் நனைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு முழுசாகத் தெரிந்த மணி முழுக்க விரிசல். விரிசல் வழியே துரு இறங்கிப் பழுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். உள்ளே கறுப்புப் புள்ளிகள், வளரும்போதே விழுங்கிய வேறு கனிமத் துகள்கள். ஊசியால் நெம்பி எடுத்தால் நான்கைந்து சில்லுகளாக வரும். ஆழத்தில் பிறந்தது மேலே வருவதற்குள் அழுத்தம் குறைந்து, பாறை நெளிந்து, மணிகள் உடைந்துபோயின. தப்பித்து முழுசாக வந்தவற்றிலும் இரும்பு அதிகம். பட்டை தீட்டினால் சிவப்பாகத் தெரியாது, கறுத்துப்போகும்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. அங்கே இருப்பது உண்மையான குருந்தம், சிவந்த நிறத்தில்கூடக் கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒளி புகாத கல். கனிமம் மாணிக்கத்துடையது, பிழைப்பு சாணைக்கல்லுடையது.

அப்படியானால் ஒரு கனிமம் ரத்தினம் என்று பெயர் எடுக்க என்னதான் வேண்டும்?

பாடப்புத்தகம் அழகு, உறுதி, அருமை என்று மூன்றைச் சொல்லும். நான் நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பேன்: அதை வேண்டுமென்று கேட்க ஓர் ஆள். அந்த நால்வரும் ஒரே கல்லில் கூடுவது அரிது என்பதால்தான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கனிமங்களில் நகைக்கடைக்கு வருபவை விரல்விட்டு எண்ணும் அளவில் நிற்கின்றன.

குற்றம் பார்த்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைத்தெருவைக் காட்டும்போது, காகபாதம், களங்கம், விந்து, ரேகை ஆகிய குற்றங்கள் நீங்கிய வைரத்தைப் பேசுகிறது. இன்றைய சோதனைக்கூட அறிக்கையில் கல்லுக்குள் இருக்கும் இறகு, மேகம், புள்ளி என்று வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். தேடுவது அன்றும் இன்றும் ஒன்றுதான்: ஒளி போகும் பாதையில் குறுக்கே நிற்பது எது?

நிறம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் அழுக்கிலிருந்து. சுத்தமான குருந்தம் நிறமற்றது. அலுமினியம் இருக்க வேண்டிய இடங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகக் குரோமியம் போய் உட்கார்ந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் ஜோடியாக உட்கார்ந்தால் நீலம். இதில் விந்தை என்னவென்றால், மாணிக்கத்தைச் சிவக்கவைக்கும் அதே குரோமியம்தான் மரகதத்தைப் பச்சையாக்குகிறது. மரகதம் பெரில் என்ற கனிமம். அதற்குள் குரோமியத்தைச் சுற்றியிருக்கும் அணுக்களின் பிடி கொஞ்சம் தளர்வானது. அதனால் அது விழுங்கும் நிறமும் மாறுகிறது, நம் கண்ணுக்கு வந்து சேரும் மிச்ச நிறமும் மாறுகிறது. அதே பெரிலில் குரோமியத்துக்குப் பதில் இரும்பு இருந்தால் கடல்நீலத்தில் அக்வாமரின்.

நம்முடைய கார்னெட்டில் இரும்பு விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். கனிமத்தின் அமைப்பிலேயே அது இருப்பதால் நிறத்தை மட்டுப்படுத்த முடியாது. கல் பெரிதாகப் பெரிதாகக் கறுத்துக்கொண்டே போகும்.

வைரம் மட்டும் ஏன் அப்படி மின்னுகிறது? கண்ணாடியை அதே அச்சில் பட்டை தீட்டினால் போதாதா?

போதாது. ஒளிவிலகல் எண் என்று ஒன்று இருக்கிறது. ஒளியை ஒரு பொருள் எவ்வளவு மடக்குகிறது என்பதன் அளவு அது. தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5 அளவில், குவார்ட்ஸுக்கு 1.54, குருந்தத்துக்கு 1.76, வைரத்துக்கு 2.42. எண் கூடக்கூட, உள்ளே புகுந்த ஒளி அடிப்பட்டைகளில் பட்டு வெளியே தப்பாமல் திரும்பி மேலேயே வரும். அதோடு வைரம் வெள்ளொளியைப் பிரித்து வானவில் துணுக்குகளாக வீசுகிறது. ஏழு கல் பேசரியைத் திருப்பும்போது சிவப்பும் நீலமும் தெறிப்பது இதனால்தான்.

ஆனால் கல் நன்றாக இருந்தும் தீட்டியவர் கோணத்தைக் கோட்டைவிட்டால் எல்லாம் வீண். எடை குறையக்கூடாது என்று அடிப்பக்கத்தைத் தட்டையாக விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட கல்லைச் செய்தித்தாள் மேல் வைத்து மேலிருந்து பாருங்கள், நடுவில் எழுத்துத் தெரியும். ஒளி திரும்பாமல் அடியில் ஒழுகிப்போகிறது என்று பொருள். நீரோட்டம் இல்லாத கல் என்று பழைய ஆசாரிகள் ஒதுக்கியவற்றில் பல, கல்லின் குற்றமல்ல, தீட்டிய கையின் குற்றம்.

வைரம் எதற்கும் உடையாது என்பது உண்மையா?

பொய். கடினம் வேறு, உடையாத்தன்மை வேறு. ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9, புஷ்பராகம் (டோபாஸ்) 8, குவார்ட்ஸ் 7. எது எதைக் கீறும் என்பதுதான் இதில் இருக்கிறது. வைரத்துக்கு நான்கு திசைகளில் பிளவுத்தளம் உண்டு. அந்தத் திசையில் அடி விழுந்தால் பிளந்துவிடும். சுத்தியலால் அடித்துச் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லும் உறவினரிடம் மூக்குத்தியைக் கொடுக்காதீர்கள்.

குவார்ட்ஸின் 7 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாலைப் புழுதியில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. 7க்குக் கீழே உள்ள எந்தக் கல்லையும் புழுதியோடு துடைத்தாலே நாளடைவில் மங்கிவிடும். சந்திரகாந்தக்கல் ஆறு, ஆறரை. தினமும் கையில் போடும் மோதிரத்துக்கு அது ஒத்துவராது, காதில் தொங்கினால் பல காலம் இருக்கும். முத்தும் பவளமும் 3, 4 அளவில்தான் நிற்கின்றன. அவை பாறையில் பிறந்தவையும் அல்ல, கடல் உயிர்கள் கட்டியவை. வியர்வையும் வாசனைத் தெளிப்பானும் அவற்றைத் தின்றுவிடும். இருந்தும் நவரத்தினத்தில் அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறோம். உறுதி வேண்டும் என்ற விதியை மனிதர்கள் வேண்டும்போது தளர்த்திக்கொள்வார்கள்.

அபூர்வமான கல் என்றால் கட்டாயம் விலை அதிகம்தானே?

பழனி மலையின் அடிவாரத்தில் கெங்குவார்பட்டி இருக்கிறது. அந்த வட்டாரப் பாறைகளில் சாஃபிரின் என்ற நீலநிறக் கனிமம் உண்டு. 900 டிகிரியைத் தொட்ட வெப்பத்தின் சாட்சி என்று நிலவியலாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகிறார்கள். உலகில் எங்கும் கிடைக்கும் கனிமம் அல்ல அது. ஆனால் எந்த நகைக்கடையும் அதைத் தேடி மலையேறியதில்லை. மணிகள் சிறியவை, மங்கலானவை. கேட்க ஆள் இல்லை.

செவ்வந்திக்கல்லின் கதை நேர்மாறு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அது மாணிக்கம், மரகதத்தோடு ஒரே வரிசையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் மிகப்பெரிய படிவுகள் கிடைத்ததும் விலை சரிந்தது. கல் மாறவில்லை, அதே ஊதா, அதே கடினம். இன்னொரு பக்கம், 1967இல் தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்ட ஒரு நீலக்கல்லுக்கு நியூயார்க் நகை நிறுவனமான டிஃப்பனி டான்ஸனைட் என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. சில ஆண்டுகளில் உலகமே கேட்கத் தொடங்கியது. அருமையும் தேவையும் சந்திக்கும் இடத்தில்தான் விலை பிறக்கிறது. பூமிக்கு அதில் பாதிப் பங்குதான்.

நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். ரத்தினபுரியில் வயலைத் தோண்டினாலே கல் கிடைக்கும் என்று தாத்தா சொல்வார். அங்கும் மலை, தேயிலை. இங்கும் மலை, தேயிலை. இங்கே மட்டும் ஏன் இல்லை?

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் குடியேறிய குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. தாத்தா சொன்னது சரி. ரத்தினபுரியில் வயலுக்கும் ஆற்றுப்படுகைக்கும் அடியில் சரளைக்கல் படுகை ஒன்று உண்டு. அங்குள்ளவர்கள் அதை இல்லம் என்பார்கள். குழிவெட்டி, அந்தச் சரளையை மேலே ஏற்றி, கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றி அலசினால் கனமான கற்கள் அடியில் தங்கும். நீலமும் கோமேதகமும் வைடூரியமும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

இந்தியாவும் இலங்கையும் கோண்டுவானா என்ற பெருநிலத்தில் ஒட்டியிருந்தவை. இலங்கையின் நடுமலைப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து உருமாறியவை. அதே காலத்து வெப்பத்தைப் பழனி மலையும் அனுபவித்தது, அந்த வகையில் அது இலங்கைக்கு நெருங்கிய உறவு. நீலகிரி மிகவும் மூத்தது. அப்போது அது ஏற்கெனவே கிழப்பாறை.

உறவு இருந்தும் சொத்து ஏன் வரவில்லை? ஒன்று, முன்பே சொன்ன சிலிகா. இலங்கையில் பளிங்குப் பாறைகளும் அலுமினியம் மிகுந்த பாறைகளும் கலந்து கிடக்கின்றன, குருந்தத்துக்கு இடம் இருந்தது. நீலகிரியில் பெரும்பாலும் சார்னோகைட். இரண்டு, சலிக்கும் வேலை. ஆறு கல்லை உருட்டும்போது விரிசல் விழுந்ததெல்லாம் பொடியாகிப்போகும். பழுதில்லாதது மட்டும் அகன்ற பள்ளத்தாக்கின் சரளையில் வந்து சேரும். கோடிக்கணக்கான ஆண்டுகள் கூலி வாங்காமல் ஆறு தரம்பிரித்து வைத்திருக்கிறது. நம் ஓடைகளோ மலை விளிம்பிலிருந்து அப்படியே விழுந்து பவானிக்கும் மாயாற்றுக்கும் ஓடிவிடுகின்றன. சரளை தங்க இடம் குறைவு. தாத்தா இங்கே குழிவெட்டாமல் தேயிலை பறித்ததில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நீலகிரியில் வைரம் உண்டா?

இல்லை. வைரம் பிறப்பது 150 கிலோமீட்டருக்கும் கீழே. அதை மேலே தூக்கிவரும் கிம்பர்லைட் எரிமலைக் குழாய்கள் ஆந்திராவில் வஜ்ரகரூரில் இருக்கின்றன, இங்கே இல்லை. தங்கம் இருந்தது. தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் 1880ஐ ஒட்டி ஆங்கிலேயக் கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. சில ஆண்டுகளில் கடையைக் கட்டின.

பழனி அடிவாரத்தில் வாங்கிய ஸ்படிக மாலை உண்மையானதா?

ஸ்படிகம் என்பது நிறமற்ற குவார்ட்ஸ். அதற்குப் போட்டி கண்ணாடி. லென்ஸில் உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடி, சந்தேகமே வேண்டாம். குவார்ட்ஸ் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் கன்னத்தில் வைத்தால் கண்ணாடியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். ஊட்டியின் மார்கழிக் காலையில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், எல்லாமே குளிரும். பெரிய மணியாக இருந்தால் ஒரு தலைமுடியின் மேல் வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். சில கோணங்களில் முடி இரண்டாகத் தெரிந்தால் குவார்ட்ஸ், ஏனென்றால் அது ஒளியை இரண்டாகப் பிரிக்கும். கண்ணாடி பிரிக்காது. இருட்டில் இரண்டு மணிகளை உரசினால் பொறி வரும் என்று விற்பவர் காட்டுவார். அதில் மணியின் முகம்தான் தேயும்.

பாட்டியின் கெம்பு அட்டிகை. அந்தக் காலத்து நகை, அதனால் கல் இயற்கையானதுதானே?

அந்தக் காலம் எந்தக் காலம் என்பதைப் பொறுத்தது. பிரான்சின் ஒகுஸ்ட் வெர்னாய் அலுமினாப் பொடியைச் சுடரில் உருக்கிச் சொட்டுச்சொட்டாக மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். அதன்பின் செயற்கை மாணிக்கம் உலகச் சந்தையில் மலிவாக ஓடியது. பாட்டிக்கு 1940இல் கல்யாணம் என்றால் அட்டிகையில் இருப்பது எதுவாகவும் இருக்கலாம். வேதியியலில் அதுவும் மாணிக்கம்தான். பிறந்த இடம் மட்டும் வேறு. இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும், சுடரில் வளர்ந்ததில் வளைந்திருக்கும். நல்ல லென்ஸும் பொறுமையும் உள்ளவருக்குத் தெரிந்துவிடும்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது இன்றைய கடையில் இருக்கிறது. விரிசல் நிறைந்த மாணிக்கத்தில் ஈயக்கண்ணாடியை உருக்கி நிரப்பித் தெளிவாக்கி விற்கிறார்கள். பொற்கொல்லர் ஊதுகுழலைக் கிட்டே கொண்டுபோனாலே நிரப்பியது கெட்டுவிடும். நீலக்கல்லைச் சூடுபடுத்தி நிறம் கூட்டுவதும், மரகதத்தின் விரிசலில் எண்ணெய் இறக்குவதும் பழைய வழக்கங்கள், தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்டவை. செய்ததைச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய தொகை என்றால் கல் இயற்கையானதா, என்ன செய்யப்பட்டது என்ற இரண்டும் எழுத்தில் இருக்கும் சோதனைக்கூட அறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள்.

ராசிக்கல் பலன் தருமா?

அதற்கு நிலவியலில் பதில் இல்லை. வைரத்தை நான்கு நாள் வீட்டில் வைத்துப் பார்த்து வாங்கும் வழக்கத்தை மட்டும் நான் மனமார ஆதரிக்கிறேன். கடையின் விளக்கு வெளிச்சத்தில் தெரியாத மங்கலும் புள்ளியும் வீட்டு ஜன்னலோரம் தெரிந்துவிடும்.

எதற்கும் ஒருமுறை எங்கள் சரிவில் ஆழமாகத் தோண்டிப் பார்த்துவிடலாமா?

வேண்டாம். அனுமதியில்லாமல் கனிமம் எடுப்பது குற்றம், காட்டு நிலம் என்றால் வனத்துறை வழக்கும் சேரும். சட்டத்தை விடுங்கள். 2009 நவம்பரில் பெய்த மழையில் எத்தனை சரிவுகள் வீடுகளோடு இறங்கின என்று இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பாறையின் மேல் தளர்ந்த செம்மண் உட்கார்ந்திருக்கும் மலை இது.

கிடைத்த கார்னெட்டை ஞாபகத்துக்காகவாவது பட்டை தீட்டிக்கொள்ள முடியுமா?

முடியும். மலை இறங்கினால் காங்கேயம், கரூர்ப் பக்கம் கல் தீட்டுபவர்கள் இருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் 1985இல் தொடங்கிய அகழாய்வுகளில் பெரில், நீலக்கல், குவார்ட்ஸ் மணிகள் வேலை முடியாத நிலையிலேயே கிடைத்திருக்கின்றன. சங்க காலத்திலேயே அந்த வட்டாரத்தில் பட்டறை ஓடியிருக்கிறது. திருச்சியில் செயற்கைக் கல் தீட்டுவது குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. உங்கள் கல்லில் விரிசல் இருப்பதால் பட்டை வெட்டச் சொல்லாதீர்கள், உடையும். மேல்பக்கம் குவிந்த வழவழப்பான வடிவம் கேளுங்கள், சின்னதாக, மெல்லியதாக; அப்போதுதான் சிவப்புத் தெரியும். கூலி கல்லின் விலையைவிட அதிகமாகும். தீட்டுபவர் முதலிலேயே அதைச் சொல்லிவிடுவார், பேரம் பேசாதீர்கள்.